காடியில் ஒரு ராத்திரி

“மாமா, டிசம்பர் லீவுல கேமரன் போறோம், நாலு பேரு. ரூம் விலையக் கேட்டா தலை சுத்துது. காடியிலேயே படுத்துக்கலாம்னு இருக்கோம். குளிருச்சுன்னா எஞ்சினப் போட்டு வச்சிக்குவோம்.”

என் தங்கை மகன் இதைச் சொன்னபோது பாயான் பாரு மாமாக் கடையில் தே தாரிக் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது. அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவன். நான் வேலையில் இருந்த காலத்தைத் தொழிற்சாலைப் பராமரிப்பில், கம்ப்ரசருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் கழித்தவன். காடியில் தூங்காதே என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் தூங்கு, எஞ்சினை மட்டும் அணைத்துவிடு என்றேன். “அவ்வளவுதானே மாமா” என்றான். அவன் சொன்ன தோரணையிலேயே செய்யமாட்டான் என்று தெரிந்துவிட்டது. இன்னொரு தே சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பினாங்குக்காரர்களுக்கு எஞ்சின் புகையால் காருக்குள் சாவது எங்கோ பனி பெய்யும் நாட்டுக் கதை இல்லை. 2020 அக்டோபரில், பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தை ஒட்டிய சுங்கை டுவாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு நான்கு இளம்பெண்கள் உள்ளேயே தூங்கினார்கள். மூவர் இறந்துபோனார்கள், ஒருவர் பிழைத்தார். காரணம் கார்பன் மோனாக்சைடு. ராத்திரியில் ஓய்வுக்கு எங்கே நிறுத்தலாம் என்று யாராவது கேட்டால் நானும் பெட்ரோல் நிலையத்தைத்தான் காட்டியிருப்பேன். வெளிச்சம் உண்டு, கேமரா உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. திருடனிடமிருந்து இவையெல்லாம் காப்பாற்றும். இந்த வாயுவிடமிருந்து காப்பாற்றாது.

அந்தச் செய்தி வந்த வாரம் கடைக்குக் கடை இதே பேச்சு. பெரும்பாலானவர்கள் சொன்னது, “கண்ணாடிய மூடிட்டுப் படுத்தாங்க, காத்து இல்லாம மூச்சு முட்டிடுச்சு” என்று. இந்த இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. மூடிய காரில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று நாம் விடும் மூச்சு, மற்றது எஞ்சின் விடும் மூச்சு.

நாம் விடுவது கார்பன் டை ஆக்சைடு. படுத்திருக்கும் ஒரு பெரியவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் விடுவார். ஒரு சின்னக் காரின் உள்ளிடம் ஏறத்தாழ 3,000 லிட்டர். இரண்டு பேர் படுத்திருந்து, கார் ஒரு பொட்டு ஓட்டையும் இல்லாமல் அடைபட்டிருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் உள்காற்றில் அது ஒரு சதவீதத்தை எட்டாது. எந்தக் காரும் அப்படி அடைபட்டிருப்பதில்லை. கதவு இடுக்கு, காற்றுத் துவாரம், தரை ஓட்டை என்று எங்கிருந்தாவது காற்று போய் வந்துகொண்டே இருக்கும். காற்று கனக்கும், தலை பாரமாகும், புழுங்கும். அதோடு, கார்பன் டை ஆக்சைடு கூடினால் உடம்பே நம்மை எழுப்பிவிடும். மூச்சு வாங்கும், திணறும், தூக்கம் கலையும். விரற்கடை அளவு கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தச் சங்கதி முடிந்தது.

எஞ்சின் விடுவதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூக்கை உறுத்தாது, இருமல் வராது. மூச்சுத் திணறலை உண்டாக்கும் எச்சரிக்கை மணி உடம்பில் கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் கட்டப்பட்டிருக்கிறது, இதற்கு இல்லை. அதனால்தான் தூங்குகிறவன் எழுந்திருப்பதில்லை. எக்ஸாஸ்ட் நாற்றம் வந்தால் தெரியாதா என்று மருமகன் கேட்டான். நாற்றம் அடிப்பது புகையில் உள்ள மற்ற சாமான்கள். இந்த வாயு அவை இல்லாமலும் வரும், மெல்ல மெல்லச் சேர்ந்தால் மூக்கும் பழகிவிடும்.

ரத்தத்தில் இது செய்யும் வேலையைச் சொல்ல பாயான் லெப்பாஸ் கிலாங் (ஃபேக்டரி) பஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டேன். ஹீமோகுளோபின் என்பது பஸ். ஆக்சிஜன் என்கிற தொழிலாளி நுரையீரலில் ஏறி, தசையிலோ மூளையிலோ உள்ள ஃபேக்டரி வாசலில் இறங்கிவிடுவான். பஸ் காலியாகத் திரும்பி அடுத்த ஆளை ஏற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் இறங்கமாட்டான், சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிடுவான். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இவனை இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுகிறது. அதோடு விடமாட்டான், பக்கத்துச் சீட்டில் இருக்கும் ஆக்சிஜனையும் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்வான். பஸ் நிறைய ஆள், வேலைக்கு இறங்க ஒருவரும் இல்லை. பிரான்சின் கிளாட் பெர்னார்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தப் பிணைப்பைக் கண்டு சொல்லிவிட்டார். 1890-களில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்து, நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி விபத்துக்குப் பிறகு தொழிலாளர்களைக் கொன்றது பெரும்பாலும் இதுதான் என்று காட்டினார். சுரங்கத்துக்குள் சின்னப் பறவையைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். பறவை வேகமாக மூச்சுவிடும், மனிதனுக்கு முன்பே மயங்கி விழும். பிரிட்டனில் அந்தப் பழக்கம் 1986 வரை நீடித்தது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள், பிபிஎம் என்பார்கள். 200 பிபிஎம் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 400 என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிருக்கு ஆபத்து. 800 என்றால் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மரணம். 1,600 என்றால் ஒரு மணி நேரமே அதிகம். ஆளுக்கு ஆள் இது மாறும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் இன்னும் சீக்கிரம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 3,000 லிட்டர் காருக்குள் 400 பிபிஎம் ஆக வேண்டுமென்றால் எத்தனை லிட்டர் கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வேண்டும்? ஒன்றேகால் லிட்டர்கூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவு. புகையில் ஒரு சதவீதம் இந்த வாயுவை விடும் பழைய கார் ஒன்று சும்மா நின்று ஓடினால், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் அவ்வளவையும் வெளியே தள்ளிவிடும். அந்த ஒரு நிமிடப் புகையில் உள்ள வாயு உள்ளே கசிந்து வெளியேறாமல் தங்கினாலே போதும். மருமகன் இதைக் கேட்டு முதன்முறையாகக் கிளாஸைக் கீழே வைத்தான்.

புதுக் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. மோனாக்சைடை எரித்து டை ஆக்சைடாக்கி அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது சுறுசுறுப்பாகும். எஞ்சினைப் போட்ட முதல் சில நிமிடங்கள் அது வெறும் உலோகப் பெட்டி. குளிருகிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை போடுவதும் அணைப்பதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கெட்ட நிமிடங்கள் திரும்ப வரும். கன்வெர்ட்டரே தேய்ந்துபோன கார்கள் எத்தனை ஓடுகின்றன என்பதை எந்த ஒர்க்‌ஷாப் போமேனைக் கேட்டாலும் சொல்வார். அதைக் கழற்றிவிட்டு நேர்க் குழாய் மாட்டுகிற நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே போகிற புகை உள்ளே எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. கார் ஓடும்போது புகை பின்னால் போய்விடும், காற்று முன்னாலிருந்து வரும். நின்றுகொண்டிருக்கும்போது அந்த ஒழுங்கு இல்லை. உங்கள் காரின் பின் பம்பரைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பம்பர் தட்டி ஒர்க்‌ஷாப் போனால் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால், பம்பரின் மூலையில், கைக்குட்டை அளவில் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சன்னல் இருக்கும். கதவைச் சாத்தும்போது காது அடைக்காமல் இருப்பதும், ஏர்கோன் காற்று வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். அந்த இதழ்கள் வெளிப்பக்கமாக மட்டும் திறக்க வேண்டும். பத்து வருடப் பழைய காரில் அவை வெயிலில் விறைத்துப் பாதி திறந்தே நிற்கும். எக்ஸாஸ்ட் வாய் எங்கே? அங்கிருந்து ஓரிரண்டு முழம்தான். பின்காற்று அடித்தால், அல்லது சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தியிருந்தால், புகை சுவரில் மோதித் திரும்பி அந்த இடத்திலேயே சுற்றும். உள்ளே ஏர்கோன் உள்காற்றையே சுழற்றும் பொத்தானில் இருக்கும், வெளியே தள்ள அழுத்தம் இராது. வாசல் திறந்து கிடக்கும் வீட்டுக்குள் பூனை வருவதற்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை.

இதோடு பின்னால் உள்ள பூட்டின் (சாமான் பெட்டி) மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் ஒரு வழி. தரையில் ஒயர் போகும் ஓட்டையின் அடைப்பு விழுந்திருந்தால் இன்னொரு வழி. எக்ஸாஸ்ட் குழாயே நடுவில் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தால் வாய் வரை போகாமல் உங்கள் முதுகுக்கு அடியிலேயே புகை கொட்டும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இதைப் பார்த்துவிடலாம். ஒருவர் எஞ்சினைப் போட, இன்னொருவர் தடித்த துணியால் எக்ஸாஸ்ட் வாயை ஓரிரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். குழாய் முழுசாக இருந்தால் எஞ்சின் திக்கும். ஓட்டை இருந்தால் நடுவில் எங்கோ “உஸ்ஸ்” என்று சீறும். இணைப்புகளில் கரிய தூள் ஒட்டியிருந்தாலும் கசிவுதான். வெளியில், திறந்த இடத்தில் செய்யுங்கள். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு செய்தால் கை வெந்துவிடும்.

“சரி, கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி வச்சா?” இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஜப்பானில் ஜாஃப் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இதைச் சோதித்தே பார்த்தது. பனியில் புதைந்த காரின் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே மீட்டர் வைத்தார்கள். எல்லாம் மூடியிருந்த காரில் இருபது நிமிடம் தாண்டியதும் 1,000 பிபிஎம். கண்ணாடியை ஐந்து சென்டிமீட்டர் இறக்கிய காரில் ஏற்றம் மெதுவானது, ஆனாலும் ஆபத்தான அளவைத் தொட்டது. எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றியிருந்த பனியை அள்ளி அகற்றிய காரில் ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை. உள்ளே வந்ததை வெளியேற்றும் வழியைவிட வருகிற வழியைப் பார்ப்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வெளியே புகை தேங்கியிருக்கும்போது கண்ணாடியை இறக்கினால் அதுவே இன்னொரு வாசல்.

மருமகன் விடவில்லை. மதிய ரெஸ்டில் ஃபேக்டரி பார்க்கிங்கில் பாதிப் பேர் எஞ்சினைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்றான். உண்மைதான். வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்தால் ஒவ்வொன்றின் கீழும் ஏர்கோன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கார் நல்ல நிலையில் இருந்து, காற்றும் வீசி, இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பழக்கமாகிறது. ஆனால் மதியத் தூக்கத்துக்குப் பிறகு தலை பாரமாக இருக்கிறது, ஷிப்ட் முடியும்வரை மந்தமாக இருக்கிறது என்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் கீழ்த்தளத்தில் தூங்குகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பக்கத்துக் கார்க்காரரும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் தூங்குகிறார். நெடுஞ்சாலை ஆர்.அண்ட்.ஆர். ஓய்விடங்களில் லோரி வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் இதே கதை. உங்கள் எஞ்சின் அணைந்திருந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் புகை எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு யாரும் காரில் தூங்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தால் எனக்கு அதைவிடக் கவலை. ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வண்டியை எடுப்பவன் தூங்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 30 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் செருகினால் 120 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் ஓடியிருக்கும், ஒரு கால்பந்துத் திடலைவிட அதிகம். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நேராக, வழவழப்பாக, ஒரே மாதிரி இருப்பதால் தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும். கண்ணாடியைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, இவையெல்லாம் ஐந்து நிமிட வைத்தியம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். குனோங் செமாங்கோல், சுங்கை பேராக் போன்ற ஓய்விடம் ஒன்றில் நிறுத்தி ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு உடனே சாய்ந்துகொள்ளுங்கள். கோப்பி வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்திருக்கும். எழுந்ததும் சாவியைத் திருகாமல், முகம் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டினால் தெளிவாக இருக்கும்.

நம் ஊர்ச் சிக்கல் குளிர் இல்லை, சூடு. எஞ்சினை அணைத்தால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது, அதனால்தானே போடுகிறார்கள். பகல் வெயிலில் நிறுத்திய காரில் தூங்கவே முடியாது, முயலவும் கூடாது. வெளியே 33 டிகிரி என்றால் ஒரு மணி நேரத்தில் உள்ளே 50-ஐத் தாண்டும், அதில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். குழந்தையை உள்ளே விட்டு “அஞ்சு நிமிஷம்” என்று போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் களைத்தால் காரை நிழலில் போட்டுவிட்டுக் கொட்டகைப் பெஞ்சில் படுங்கள், அல்லது சூராவோ கோயில் மண்டபமோ ஏர்கோன் உள்ள உணவுக்கூடமோ தேடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராத்திரியில் நிலைமை வேறு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும் கெடா, பேராக் குடும்பங்கள் காரிலும் வேனிலும் படுத்து எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் கதவைத் திறந்துபோட்டு, பாயை விரித்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவார்கள். அந்தப் பழைய வழியில் அறிவு இருக்கிறது. இன்றைக்குக் கதவுச் சட்டத்தின் மேல் காலுறை மாதிரி மாட்டுகிற கொசுவலை கிடைக்கிறது, பவர் பேங்கில் ஓடும் சின்ன விசிறி கிடைக்கிறது. எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளை இறக்கி வலை மாட்டி, விசிறியை ஒரு பக்கம் வைத்தால் காற்று குறுக்கே போகும். நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் ஏர்கோனை நன்றாக ஓடவிட்டு இருக்கைகளையே குளிரவைத்துவிட்டு, பிறகு அணைத்துவிட வேண்டும். கடற்காற்று வரும் இடம் என்றால் இன்னும் நல்லது. பாத்து மாவுங் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் போர்வை தேடுகிற நாளும் உண்டு.

கேமரன் மலைக்கு வருவோம். சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலையேறினால் அங்குள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி, ஆறரை டிகிரி வீதம் குறையும் என்பதால் பினாங்கில் 25 டிகிரி ராத்திரி அங்கே 15, 16 ஆகும். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அங்கேதான், 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி. பனி உறையும் குளிர் இல்லை. ஆனால் ஷார்ட்ஸும் சிலிப்பருமாகப் போகிற பாயான் பாரு பையனுக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் பல் ஆடும். அப்போது கை சாவிக்குப் போகும். இதில் வேடிக்கை, நம் ஊரில் விற்கும் சின்னக் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, வெறும் ஏர்கோன்தான். எஞ்சின் ஓடும், உள்ளே பெரிதாகச் சூடு வராது, புகை மட்டும் வரும்.

குளிரை உடம்பிலேயே தடுக்க வேண்டும், காரில் அல்ல. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகுக்கு அடியில் ஒன்றும் இல்லையென்றால் பயனில்லை. உடல் பாரத்தில் இருக்கைப் பஞ்சு நசுங்கி, குளிர் கீழிருந்துதான் ஏறும். அடியில் ஒரு தடிப் பாய் அல்லது மடித்த கம்பளி, தலைக்குக் குல்லா, காலுக்கு உலர்ந்த காலுறை, போதும். நாலு பேர் விடும் மூச்சில் உள்ள ஈரம் ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் படியும், விடிந்ததும் சொட்டும். இரண்டு கண்ணாடிகளை விரற்கடை இறக்கி வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது அதனால் நன்மை மட்டுமே. நாலு ஆம்பிளைகள் ஒரு சின்னக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்குவது என்பதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை அவனிடம் மட்டும் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் அழுத்திச் சொன்னேன். கேமரன் போகிறவர்கள் பூட்டில் கேஸ் அடுப்பையும் ஸ்டீம்போட் சட்டியையும் வைத்துக்கொண்டு போவார்கள். வெளியே மழை பிடித்ததும் அடுப்பைக் காருக்குள்ளோ பின்கதவுக்கு அடியிலோ பற்றவைப்பார்கள், சாப்பிட்ட பிறகு கதகதப்புக்காகச் சின்னத் தீயில் விட்டும் வைப்பார்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் அந்த அடுப்பு அதே வாயுவைத்தான் விடுகிறது. சாத்தே சுட்ட கரி அடுப்பு இன்னும் மோசம், தீ அணைந்து சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் விடும். கூடாரத்துக்கும் இதே விதி.

நம் ஆட்கள் இப்போது ஜப்பான், கொரியா, நியூசிலாந்து என்று குளிர்காலத்துக்கே போய் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். ஸ்கார்பரோவில் இருக்கும் உறவினரைப் பார்க்க டிசம்பரில் கனடா போகிறவர்களும் உண்டு. பனி நாட்டில் கூடுதலாக ஒரே ஒரு எதிரி, எக்ஸாஸ்ட் வாயை அடைக்கும் பனி. பாகிஸ்தானின் மரீ மலைவாசத்தலத்தில் 2022 ஜனவரியில் பனிப்பொழிவைப் பார்க்க ஆயிரக்கணக்கான கார்கள் ஏறின. ஒரே ராத்திரியில் நாலடிக்குப் பனி கொட்டி, பாதை அடைபட்டு, கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, பனி குழாயை மூட, புகை உள்ளே திரும்பியதில் இறந்தவர்கள் அதில் பலர் என்று சொல்லப்பட்டது. அங்கே எஞ்சினை அறவே போடாதே என்று சொல்ல முடியாது, உறைந்து சாகலாம். சிக்கிக்கொண்டால் முதலில் இறங்கி எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளி அகற்ற வேண்டும். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் போல மட்டும் ஓடவிட வேண்டும், காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்க வேண்டும், அந்தப் பத்து நிமிடமும் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். அணைத்த பிறகுதான் எல்லோரும் தூங்கலாம்.

மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லை. புகைக் குழாயே இல்லாததால் ராத்திரி முழுக்க ஏர்கோன் போட்டுப் படுக்கலாம், சில கார்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பக்கத்தில் நிற்கும் பெட்ரோல் கார் மட்டும்தான் கவலை. மருமகன் முகம் மலர்ந்தது. அதன் விலையைச் சொன்னதும் பழையபடி ஆனது.

அவனால் வாங்க முடிந்தது ஓர் அலாரம். பேட்டரியில் ஓடும், உள்ளங்கை அளவு, கார்பன் மோனாக்சைடுக்கென்றே செய்தது. வீட்டில் கூரையில் மாட்டும் புகை அலாரம் இதற்கு ஆகாது. ஐரோப்பியத் தரப்படி செய்த அலாரம் 50 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கத்தும், 100 என்றால் பத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குள், 300 என்றால் மூன்று நிமிடத்துக்குள். இந்த வாயு காற்றின் எடையை ஒத்தது, கீழே தங்குவதுமில்லை, மேலே ஒட்டுவதுமில்லை. தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சரி. அலாரம் இருக்கிறதே என்று எஞ்சினைப் போட்டுக்கொண்டு தூங்குவது, ஹெல்மெட் இருக்கிறதே என்று சுவரில் முட்டுகிற புத்தி.

எப்போதாவது இன்னொருவர் காரைத் தாண்டிப் போகும்போது எஞ்சின் ஓடுகிறது, உள்ளே ஆள் அசையவில்லை, கண்ணாடியைத் தட்டியும் எழவில்லை என்றால் தயங்காதீர்கள். கதவைத் திறக்க முடிந்தால் திறந்து, முடியாவிட்டால் பின்கண்ணாடியை உடைத்து, எஞ்சினை அணைத்து, ஆளை வெளியே இழுத்துப்போட்டு 999-க்கு அழையுங்கள். முகம் சிவந்து ஆரோக்கியமாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள், இந்த வாயு பற்றிய ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பு. கோவிட் காலத்தில் வாங்கிவைத்த விரல் மீட்டரை மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதியடையவும் வேண்டாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய பஸ்ஸுக்கும் இவன் ஏறிய பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே எண்ணும். தலைவலியோடு எழுந்து “ஒண்ணுமில்ல, கோப்பி குடிச்சா சரியாயிடும்” என்பவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வெறும் காற்றை மூச்சு வாங்கினால் ரத்தத்தில் இருப்பதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதி இறங்கிவிடும். சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. அவசரப் பிரிவில் மயக்கம், வாந்தி என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டு விஷம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எஞ்சின் ஓடும் காருக்குள் தூங்கினார் என்பதை முதலில் சொல்லுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கான ரத்தப் பரிசோதனை தனி, கேட்டால்தான் எடுப்பார்கள்.